பனியன் அட்டையில் பனிக்கண்டம்

அண்டார்க்டிகாவில் இருக்கும் நம் நாட்டு மைத்ரி ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு குளிர்காலம் முழுக்க ஜெனரேட்டர் மெக்கானிக்காக இருந்துவிட்டு வந்தவன் நான். ஊர் பல்லடம், பட்டறையும் அங்கேதான். கோவாவில் உள்ள தேசிய துருவ, கடல் ஆராய்ச்சி மையம் விஞ்ஞானிகளோடு மெக்கானிக், வெல்டர், தச்சர், சமையல்காரர் என்று கைவேலைக்காரர்களையும் ஒப்பந்தத்தில் எடுக்கிறது. அப்படித்தான் போனேன். வந்த பிறகு பார்க்கிறவர்களுக்கெல்லாம் வாயால் சொல்லிச் சலித்துப்போய், கதைகளாக எழுதிவிடலாம் என்று இறங்கினேன். அந்த வேலை எப்படி நடந்தது, எதை எதற்குப் பயன்படுத்தினேன் என்பதுதான் இந்தப் பதிவு. பயணக் கட்டுரை எதிர்பார்ப்பவர்களுக்கு இதில் சரக்கு கம்மி.

முதலில் கையிருப்பு. பென்சிலில் எழுதிய பாக்கெட் டைரிகள், போன் நிறையப் படங்கள், அக்காவுக்குப் பேசி அனுப்பிய குரல் பதிவுகள் கொஞ்சம், வீட்டிலிருந்து கொண்டுபோன தினசரி காலண்டரில் கிழிக்காமல் விட்ட மிச்சம்.

டைரியில் எல்லாம் இந்த லட்சணத்தில்தான் இருக்கும்: “டே டேங்க் ரொப்பியாச்சு. காத்து 50 நாட். கூலண்ட் ஹோஸ் கிளாம்ப் மாத்தினேன். ராத்திரி சப்பாத்தி.” படங்களோ ஒவ்வொன்றும் காலண்டரில் போடலாம் போல. ஆனால் படத்தைப் பார்த்துக்கொண்டு எழுத உட்கார்ந்தால் வெண்மை, அமைதி, எல்லையின்மை என்று வரிசையாக வந்து விழுகிறது. அதையெல்லாம் வாசிக்கிறவர் டிவியில் ஏற்கெனவே பார்த்துவிட்டார், அதுவும் என்னுடையதைவிட நல்ல கேமராவில். போனை பீரோவில் வைத்துப் பூட்டினேன். கண் பார்த்தது கிடக்கட்டும், கை செய்ததிலிருந்து தொடங்குவோம் என்று டைரியை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

எங்கள் பக்கம் அட்டைக்குப் பஞ்சமில்லை. டி-ஷர்ட்டை மடிக்கும்போது உள்ளே வைக்கிற அட்டை ஓரம் நசுங்கியிருந்தால் பேக்கிங் செக்‌ஷனில் ஒதுக்கிப் போட்டுவிடுவார்கள். தெரிந்த பனியன் கம்பெனியில் ஒரு கட்டு வாங்கி, அங்கேயே கட்டிங் மாஸ்டரிடம் கொடுத்து நாலாக வெட்டிக்கொண்டேன். ஒரு அட்டைக்கு ஒரு வேலை. முன்பக்கம், என்ன வேலை, எந்தச் சாமான், எந்தக் கை. பின்பக்கம், அப்போது பக்கத்தில் இருந்தவர் என்ன சொன்னார். வேலை எதுவும் நடக்காத அட்டை கட்டிலுக்குக் கீழே போய்விடும். “அரோரா (துருவ வானத்தில் ஆடுகிற வண்ண ஒளி) தெரிந்தது” கீழே. “அரோரா பார்க்க எல்லாரும் ஓடியதில் அடுப்பில் பவுடர் பால் பொங்கி வழிந்தது” மேலே.

கயிற்றுக் கட்டில் முழுக்க அட்டைகளைப் பரப்பி இடம் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து வீட்டம்மிணி கேட்டது: “ஏனுங்க, சீட்டாட்டம் முடிஞ்சா சொல்லுங்க, கட்டல வெயில்ல போடோணும்.” முடியவில்லை. கட்டில் திண்ணையிலேயே கிடந்தது. அட்டைகள் தாமாகவே மூன்று குவியலாகச் சேர்ந்தன. மூன்றுக்கும் பெயர் வைத்தேன்: கொக்கி, ராகு காலம், மாமன் மடி.

‘கொக்கி’தான் அதிகம் வேலை வாங்கியது. மைத்ரியில் பனிப்புயல் வந்தால் நிலையத்துக்கும் வெளியே உள்ள கொட்டகைகளுக்கும் நடுவே கம்பம் நட்டுக் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் போகவேண்டும். இடுப்பில் இருக்கிற கொக்கியைக் கயிற்றில் மாட்டி, கம்பம் வந்ததும் கழற்றி, அந்தப் பக்கம் மாட்டி, அடுத்த கம்பம் வரை நடக்க வேண்டும். கதையில் நடப்பது இவ்வளவுதான். ஒருவன் எரிபொருள் வால்வைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறான். ஆனால் பல்லடத்து வெயிலில் பனியனோடு உட்கார்ந்து அதை எழுதினால், கை நினைவு வைத்திருந்த பாதி விஷயம் பேனாவுக்கு வரவில்லை. உடம்புக்கு ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது.

ஈரோட்டில் ஒரு ஐஸ்கிரீம் குடோனுக்கு ஜெனரேட்டர் சர்வீஸ் செய்து கொடுக்கிறேன். அங்கே உள்ளறையில் குளிர் மைனஸ் 20 டிகிரி வாக்கில் இருக்கும். அனுமதி கேட்டு, பழைய குளிர் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு ஒரு கூடைச் சாமானோடு உள்ளே போனேன். பால்பாயிண்ட் பேனா, பென்சில், ரப்பர் ஹோஸ் துண்டு, கிரீஸ் டப்பா, தேங்காய் எண்ணெய் பாக்கெட், 10-ம் நம்பர் ஸ்பேனர், ஒரு நட்டு போல்ட்டு, கயிற்றுக் கொக்கி, இரண்டு வகைக் கையுறை. இதை யாராவது செய்து பார்ப்பதாக இருந்தால் தனியாகப் போகாதீர்கள். கதவை உள்ளேயிருந்து திறக்கும் கைப்பிடி வேலை செய்கிறதா என்று முதலில் பாருங்கள், வெளியே ஒரு ஆளை நிறுத்துங்கள்.

பேனா சில எழுத்துகளில் மங்கி, அப்புறம் வெறும் கோடு கிழித்தது. பென்சில் கடைசிவரை எழுதியது. 1912-ல் தென்துருவத்திலிருந்து திரும்பும் வழியில் இறந்த ஆங்கிலேயப் பயணி ஸ்காட்டின் கடைசி நாட்குறிப்பும் பென்சிலில் எழுதியதுதான். தேங்காய் எண்ணெய் கல்லாகிவிட்டது, அது எதிர்பார்த்ததே. கிரீஸில் விரலால் அழுத்தினால் குழி அப்படியே நின்றது. ஹோஸை வளைத்து விட்டால் உடனே நிமிராமல், யோசித்து யோசித்து நிமிர்ந்தது. மூக்கால் மூச்சிழுக்கும்போது உள்ளே இருக்கிற முடியெல்லாம் விறைத்துக் குத்தியது. மப்ளரில் வாய்க்கு நேராக முதலில் ஈரம், பிறகு மொறமொறப்பு. தடித்த கையுறையோடு 10-ம் நம்பர் நட்டைத் திருகினால், அது மரையில் ஏறியதா கீழே விழுந்ததா என்று கைக்குத் தெரியாது. கண்ணால்தான் பார்க்க வேண்டும், இருட்டில் அதுவும் முடியாது. மெல்லிய கையுறைக்கு மாறினால் நட்டு தெரிகிறது, ஆனால் கொஞ்ச நேரத்தில் விரல் தெரிவதில்லை.

இந்தக் கடைசி வரிதான் கதைக்கு அச்சாணி. கொக்கியைத் திறக்க மெல்லிய கையுறை வேண்டும். கம்பத்துக்குக் கம்பம் நடக்கத் தடித்தது வேண்டும். ஒவ்வொரு கம்பத்திலும் அவன் ஒரு கையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவு செய்கிறான். குளிர் எத்தனை டிகிரி என்று ஒரு இடத்திலும் எழுத வேண்டியிருக்கவில்லை. வாக்கியங்களை அங்கேயே நின்று அட்டையில் எழுதினேன். விரல் விறைக்க விறைக்க வாக்கியமும் குட்டையாகிக்கொண்டே வந்தது. வெளியே வந்ததும் மூக்குக்கண்ணாடியில் நீர் கோத்து ஒன்றும் தெரியவில்லை. குடோன்காரர், “அண்ணங், வேணும்னா ஒரு கப் ஐஸ்கிரீம் எடுத்துக்குங்க” என்றார். நக்கல்தான்.

குடோனில் இல்லாதது காற்று. மைனஸ் 20-ல் மணிக்கு 50 கி.மீ. காற்று அடித்தால் தோலுக்கு அது மைனஸ் 35 போல உறைக்கும். உடம்பைச் சுற்றியிருக்கும் கதகதப்பைக் காற்று வாரிக்கொண்டு போய்விடுவதுதான் காரணம். குளிரை ஈரோட்டில் எடுத்தாயிற்று, காற்றுக்கு உடுமலை ரோட்டுக்குப் போனேன். ஆடி மாதம், காற்றாலைக் காத்தாடிகளுக்குக் கீழே, ஒரு கொறங்காட்டு (மேய்ச்சல் நிலத்து) வேலி ஓரம். பாலக்காட்டுக் கணவாயில் நெருக்கிப் பிடித்து வருகிற காற்று அது. மைத்ரியில் வருவது வேறு ரகம். உள்நாட்டுப் பனி மேட்டில் குளிர்ந்து கனத்த காற்று, சரிவில் தண்ணீர் இறங்குகிற கணக்காகக் கடலைப் பார்த்து இறங்கும். பிறப்பு எதுவானாலும் நிற்கிற மனிதனுக்குச் செய்வது ஏறக்குறைய ஒன்றுதான். காற்றுக்குச் சாய்ந்து நிற்கிறோம், திடீரென்று அது நின்றால் முன்னால் விழப்பார்க்கிறோம். பேசினால் சொல்லின் தலைப்பு மட்டும் எதிராளிக்குப் போகிறது, வால் பறந்துவிடுகிறது. உடன் வந்த மாப்பிள்ளையிடம் பத்தடி தள்ளி நின்று டைரியை வாசிக்கச் சொல்லி, காதில் விழுந்ததை மட்டும் எழுதிக்கொண்டேன். ‘கொக்கி’யில் வாக்கி-டாக்கி உரையாடல் வருகிற இடம் முழுக்க அந்தக் குறிப்புதான்.

படம் பார்த்து எழுதிய பக்கத்தில் இருந்தது: “எங்கும் வெண்மை. வானும் நிலமும் ஒன்றாகிவிட்ட அந்தப் பெருவெளியில் அவன் ஒரு புள்ளியாக நின்றான்.” இப்போது இருப்பது: “நாலாவது கம்பம். வலது கையுறையைப் பல்லால் இழுத்தான். கொக்கி திறந்தது. மாட்டினானா? இழுத்துப் பார்த்தான். இன்னொரு தடவை இழுத்தான். வாயில் கவ்விய கையுறைக்குள் ரவை போலப் பனி நிறைந்திருந்தது.” இரண்டாவதைப் பட்டறையில் வேலை செய்கிற பையனுக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டே வலது கை விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தான். அது போதும் எனக்கு.

கதையில் ஒரு மெக்கானிக் விவரம் எவ்வளவு வரலாம் என்பதில் எனக்கு ஒரு கணக்கு உண்டு. அந்த விவரம் ஆளின் முடிவை மாற்ற வேண்டும். அங்கே சாதா டீசல் மெழுகு கட்டிக்கொள்ளும். அதனால் விமானத்துக்கு ஊற்றுகிற எரிபொருள்தான், அது மைனஸ் 47 வரை உறையாது. சுவையான தகவல்தான், ஆனால் ‘கொக்கி’யில் அதற்கு வேலையில்லை, எடுத்துவிட்டேன். பேட்டரி விஷயத்தை வைத்துக்கொண்டேன். முழுக்க சார்ஜ் ஏறிய பேட்டரி மைனஸ் 60 வாக்கில் போனாலும் தாங்கும். சார்ஜ் இறங்கிய பேட்டரியில் ஏறக்குறைய தண்ணீர்தான் மிச்சம், சாதாரணக் குளிரிலேயே உறைந்து டப்பாவை உடைத்துவிடும். கொட்டகையில் இருக்கிற பேட்டரி இறங்கிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்ததால்தான் அவன் புயலில் வெளியே கிளம்புகிறான். காரணம் இல்லாமல் புயலில் கிளம்புகிறவனை எங்கள் ஊரில் வீரன் என்று சொல்லமாட்டார்கள்.

‘ராகு காலம்’ சிரிப்புக் கதை, சட்டென்று வந்துவிட்டது. மைத்ரி இருப்பது தெற்கே 70 டிகிரிக்கும் மேலே. மே கடைசியில் மறைகிற சூரியன் ஜூலையில்தான் தலைகாட்டும். கோடையில் இரண்டு மாதத்துக்கு மேல் அடையவே அடையாது. இதற்கு நடுவில் சுவரில் நம் தினசரி காலண்டர், நல்ல நேரம் கெட்ட நேரத்தோடு. ராகு காலம் என்பது பொழுது விடிந்து அடைகிற வரையுள்ள பகலில் எட்டில் ஒரு பங்கு. காலண்டரில் காலை ஆறு முதல் மாலை ஆறு வரை என்று வைத்து ஒன்றரை மணி நேரம் போட்டிருப்பார்கள். கதையின் மெக்கானிக் ராகு காலத்தில் எஞ்சினைப் பிரிக்கமாட்டான். கூட இருக்கிற வானிலைக்காரர் கணக்குப் போட்டுக் காட்டுகிறார். குளிர்காலத்தில் பகலே இல்லை, பூஜ்யத்தில் எட்டில் ஒரு பங்கு பூஜ்யம், எப்போது வேண்டுமானாலும் பிரிக்கலாம். ஆனால் கோடையில் இரண்டு மாதமும் ஒரே பகல், அதில் எட்டில் ஒரு பங்கு ஒரு வாரத்துக்கு மேல். ஒரு வாரம் ஸ்பேனரைத் தொடாமல் இருப்பாயா என்று கேட்கிறார். மெக்கானிக் சொல்கிற பதிலில்தான் கதை திரும்புகிறது, அதை இங்கே உடைக்கவில்லை.

அந்தக் கதைக்கு வானம் கொஞ்சம் தேவைப்பட்டது. தெற்கே போனால் நிலா தலைகீழாகத் தெரியும், வடை சுடுகிற பாட்டியும் கூடவே கவிழ்ந்துவிடுவாள். ஓரையன் நட்சத்திரக் கூட்டம் குப்புற நிற்கும். நம் ஊரில் சித்திரை, வைகாசி ராத்திரிகளில் தெற்கே தாழ்வாகத் தெரிகிற தென்சிலுவை அங்கே மறைவதே இல்லை. பாட்டியை மட்டும் எடுத்துக்கொண்டேன். நட்சத்திரங்களை எல்லாம் கொட்டினால் அது பாடப்புத்தகம்.

‘மாமன் மடி’ பற்றி நிறையச் சொல்ல வேண்டும். குளிர்காலத்தில் அங்கிருந்து யாரும் திரும்ப முடியாது. கடலில் பனி கெட்டித்துவிடும், கப்பல் வராது. கேப் டவுனிலிருந்து வருகிற விமானமும் கோடையில் மட்டும்தான். ஊரில் எது நடந்தாலும் போனில் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். கதையில் அக்கா மகளுக்குக் குலதெய்வக் கோயிலில் காதுகுத்து. கெடா வெட்டு, பந்தி எல்லாம் தயார். தாய்மாமன் மடியில் உட்கார்த்திக் குத்த வேண்டும், மாமன் மைத்ரியில் இருக்கிறான். ஒன்றுவிட்ட மாமன் ஒருவர் உட்காருகிறார். மைத்ரியிலிருந்து இவன் போனில் கேட்கிறான். மேளம், அப்புச்சியின் (அம்மாவைப் பெற்ற தாத்தாவின்) அதட்டல், பிறகு குழந்தை வீறிடுகிற சத்தம்.

முடிவுக்கு என்ன செய்வது என்று தெரிந்த எழுத்தாளர் ஒருவரிடம் கேட்டேன். அவன் கன்னத்தில் கண்ணீர் உறைந்தது என்று முடித்தால் பிரமாதமாக இருக்கும் என்றார். வீட்டில் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மிணி முறத்தைக் கீழே வைக்கவே இல்லை.

“போன் ரூமுக்குள்ளதானுங்க இருக்குது?”

“ஆமா.”

“ஹீட்டரு ஓடும், பனியனோட உக்காந்திருப்போம்னு நீங்கதான சொன்னீங்க. அப்பறம் கண்ணீரு எப்படீங்க உறையும்?”

“கதைக்குச் சொல்றதுதான்.”

“அழுவறது இருக்கட்டும். அந்நேரம் அவன் கையில என்ன இருந்துச்சு? அதச் சொல்லுங்க மொதல்ல.”

டைரியைத் தேடிப் பார்த்தேன். அக்காவோடு பேசிய ஒரு நாளின் குறிப்பில், போனுக்கு முன்பும் பின்பும் ஒரே வரி இருந்தது: எண்ணெய் அளவு பார்த்தேன். ஓடாமல் நிற்கிற எஞ்சினில் எண்ணெய் அளவு ஒரு மணி நேரத்தில் எங்கே போகும்? இப்போது கதையில் அவன் போனை வைத்துவிட்டு எஞ்சின் அறைக்குப் போகிறான். எண்ணெய் அளவு பார்க்கிற கம்பியான டிப்ஸ்டிக்கை உருவித் துணியில் துடைக்கிறான், விடுகிறான், உருவிப் பார்க்கிறான், அளவு சரியாக இருக்கிறது. மறுபடி துடைக்கிறான். அந்தத் துணி, வேட்டி கிழித்த துணி. பக்கத்து எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருக்கிற வடக்கத்திக்காரர் ஒன்றும் கேட்காமல் அவருடைய டிப்ஸ்டிக்கையும் உருவித் துடைக்கிறார். அங்கே நிறுத்திவிட்டேன்.

ஆட்களைப் பற்றி ஒரு வார்த்தை. குளிர்காலக் குழு என்பது இருபத்தைந்து பேர் சொச்சம். யாரைப் பற்றி எழுதினாலும் மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும். அதனால் சமையல்காரரின் பேச்சை டாக்டருக்குக் கொடுத்தேன், டாக்டரின் கோபத்தை வெல்டருக்கு. உடம்பு சரியில்லாமல் போனவர்களை எந்தக் கதையிலும் சேர்க்கவில்லை. இந்தியிலும் அரைகுறை ஆங்கிலத்திலும் நடந்த பேச்சையெல்லாம் நேரான தமிழில் வைத்துவிட்டு, நாயகன் எஞ்சினோடு பேசும்போது மட்டும் எங்கள் பேச்சை விட்டேன்: “ஏஞ்சாமி, இன்னைக்கு ஒரு நாளைக்கு ஓடீரு.”

கதையில் பனிக்கரடி ஏன் வரவில்லை என்று கேட்ட அக்கா மகளுக்குத்தான் பதில் சொல்லி மாளவில்லை. பனிக்கரடி வடக்கே, பென்குவின் தெற்கே, ரெண்டும் சந்தித்ததே இல்லை. வண்டி இழுக்கிற நாய்கூட வைக்க முடியாது. அண்டார்க்டிக் சூழல் பாதுகாப்பு உடன்படிக்கையின்படி 1994-க்குள் நாய்களையெல்லாம் அங்கிருந்து வெளியேற்றிவிட்டார்கள். மைத்ரி கடலோரத்திலும் இல்லை. கப்பல் வந்து சாமான் இறக்குகிற பனித்தட்டு விளிம்பிலிருந்து 100 கி.மீ. வாக்கில் உள்ளே, பாறைத் திட்டில் இருக்கிறது. கோடையில் வாசல்வரை வந்து நம்மை முறைப்பது ஸ்குவா என்கிற பழுப்புப் பறவை மட்டும்தான். அதற்குக் காக்காயின் புத்தி என்று சொன்னதும் சமாதானமாகிவிட்டாள்.

எழுதிய மூன்றையும் புத்தகமாகக் கட்டுவதற்கு ஒரு முன்மாதிரி இருந்தது. 1908-ன் குளிர்காலத்தில் அண்டார்க்டிகாவின் ராஸ் தீவில், துருவப் பயணி ஷாக்கிள்டனின் குழு ஒரு குடிசைக்குள் சின்ன அச்சு எந்திரத்தை வைத்து ‘அரோரா ஆஸ்ட்ராலிஸ்’ என்று ஒரு புத்தகம் அடித்தது. அண்டார்க்டிகாவிலேயே எழுதி, அச்சிட்டு, கட்டிய முதல் புத்தகம் அது. குழுவில் இருந்த ஜாய்சும் வைல்டும் எழுத்துக் கோத்தார்கள். மை குளிரில் இறுகிப்போகும் என்று மைத்தட்டுக்கு அடியில் மெழுகுவர்த்தி வைத்துச் சூடு காட்டினார்கள். மார்ஸ்டன் படம் வரைந்தார். பெர்னார்ட் டே, சாப்பாட்டுச் சாமான் வந்த பிளைவுட் பெட்டிகளை உடைத்து அட்டை போட்டார். பெட்டியில் இருந்த சரக்குப் பெயர் அட்டையின் உள்பக்கம் அப்படியே இருக்கும். எந்தப் பிரதி எந்தப் பெட்டி என்று இன்றைக்கும் அதை வைத்துத்தான் அடையாளம் சொல்கிறார்கள்.

பட்டறையில் பிளைவுட் பெட்டிக்குக் குறைவா? ஸ்பேர் பார்ட்ஸ் வந்த பெட்டிகளை ஆணி பிடுங்கிப் பிரித்து, ஜிக்-சாவில் அறுத்து, 120-ம் நம்பர் உப்புத்தாளால் ஓரத்தைத் தேய்த்தேன். எழுத்து இருக்கிற பக்கத்தைத் தேய்க்கவில்லை. உள்தாள்கள் ஜெராக்ஸ்தான். எட்டெட்டுப் பக்கமாக மடித்து, மெழுகு தடவிய நூலில் தைத்தேன். முதுகுக்கு விசைத்தறிக் காடாத் துணி. கழுவாத காடாவில் கஞ்சி இருப்பதால் பசை சரியாகப் பிடிக்காது, ஒரு தடவை அலசிக் காயவைத்துக்கொள்ள வேண்டும். பசை, மைதா காய்ச்சியது. பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் ஒரு சிட்டிகை, பழைய பைண்டர்கள் பழக்கம். பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அந்தக் கிண்ணத்தை எட்டாத இடத்தில் வையுங்கள், அது விஷம்.

பிளைவுட்டைத் துணியோடு பசையால் மட்டும் ஒட்டினால் நாலு தடவை திறந்தால் கழன்றுவிடும். ஓரமாகத் துளை போட்டு நூலையும் மரத்தின் வழியாக ஓட்டிக் கட்டினேன். துளைக்கு 2 மி.மீ. டிரில் பிட், ஓரத்திலிருந்து ஒரு விரல் தள்ளி. அதற்கும் கிட்டத்தில் போட்டால் பிளைவுட் ஏடு ஏடாகப் பிளக்கிறது. கட்டியதும் இரண்டு சிலிண்டர் ஹெட்டுகளை மேலே தூக்கி வைத்து ராத்திரி முழுக்க அழுத்தம் கொடுத்தேன். வந்த அட்டைகளில் ஒன்றில் அம்புக்குறியோடு “இந்தப் பக்கம் மேலே” என்று இருந்தது. அதைத் தலைகீழாக வைத்துக் கட்டி அக்காவுக்குக் கொடுத்தேன். காதுகுத்துக் கதையை முதலில் வாசித்துவிட்டு, அந்த ஒன்றுவிட்ட மாமனுக்குப் பெயர் மாற்றியது போதாது, மீசையையும் எடுத்துவிடு என்று போனில் சொன்னாள். அடுத்த பிரதியிலிருந்து மீசை இல்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதால் இப்போது பசை காய்வதில்லை. காடாவில் பூஞ்சைப் புள்ளி விழுகிறது. மிச்சப் பெட்டிகளை அறுத்து அடுக்கி வைத்திருக்கிறேன், தையில் வெயில் ஏறியதும் கட்ட வேண்டும். குடோன்காரருக்கு ஒரு பிரதி தரவேண்டிய பாக்கி இருக்கிறது, அதற்கு முன்னால் அவருடைய ஜெனரேட்டருக்கு ஆயில் மாற்ற வேண்டும்.